தொங்கும் தோலும் தடித்த தழும்பும்: எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு

கேள்வி: எனக்கு வயது 37. ஈரோடு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. 14 மாதங்களுக்கு முன் எடை குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்துகொண்டேன். அப்போது 112 கிலோ, இப்போது 72. உயரம் 158 செ.மீ. சுகர் மாத்திரை நின்றுவிட்டது, முட்டிவலி இல்லை. போன இரண்டு மாதத்திலும் ஒவ்வொரு கிலோ குறைந்தது. ஆனால் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது. கையைத் தூக்கினால் தோல் ஆடுகிறது. வயிற்று மடிப்புக்குள் சிவந்து அரிக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீமைப் போட்டால் இரண்டு நாளில் சரியாகிவிடும், நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். ஆபரேஷன் துளைத் தழும்பு ஐந்தில் ஒன்று தடித்து அரிக்கிறது. இரண்டு பிள்ளைகள், இரண்டாவது சிசேரியன். சொந்தக்காரர்கள் “என்னடி, முகமெல்லாம் வத்திப்போச்சு, ஏதாவது நோயா?” என்கிறார்கள். கணவர் எதுவும் சொல்வதில்லை. ஆனாலும் அவர் எதிரில் உடை மாற்ற முடியவில்லை. குண்டாக இருந்தபோதுகூட இவ்வளவு கூச்சப்பட்டதில்லை. தோலை வெட்டி எடுத்துவிடலாமா? எடுத்தால் இன்னும் பெரிய தழும்பு வருமே?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

முதலில் அந்த க்ரீமை எடுத்து, டியூபின் பின்பக்கம் என்னென்ன மருந்து எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். நம் ஊரில் கடையில் “அரிப்புக்கு” என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் சேர்ந்த கலவைதான். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், அதனால் இரண்டே நாளில் சரியானதுபோல் தெரியும். பூஞ்சை சாகாமல் உள்ளே இருக்கும். நிறுத்தியதும் முன்பைவிடப் பரவலாக வரும். மடிப்புக்குள் இருக்கும் தோல் மெல்லியது, எப்போதும் மூடியே இருப்பது. அங்கே ஸ்டீராய்டு கூடுதலாக உள்ளே இறங்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் இன்னும் மெலிந்து, புதிதாக வரிகள் விழும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தோலுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் மடிப்புப் புண். தோலும் தோலும் ஒட்டி உரசும் இடத்தில் வியர்வை தேங்கி, தோல் ஊறி, அதன்மேல் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்வது. சிவந்த பரப்பைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தனித்தனியாகச் சிதறியிருந்தால் அது கேண்டிடாவின் அடையாளம். இதற்கு க்ளோட்ரிமசோல் 1 சதவீதம் மட்டுமே உள்ள, வேறு எதுவும் கலக்காத க்ரீம் போதும். காலை, இரவு என இரண்டு வேளை, மெல்லிய படலமாக, 2 முதல் 4 வாரம். சிவப்பு மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். அரிப்பு நின்றதும் கைவிடுவதால்தான் பலருக்கு இது திரும்ப வருகிறது. வட்ட வட்டமாக விளிம்பு தடித்துப் பரவினால் அது படர்தாமரை; அதற்கு மருந்தும் காலமும் வேறு, தோல் டாக்டர்தான் பார்க்க வேண்டும். சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், சூடாகப் பரவும் சிவப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

மருந்தைவிட முக்கியம் ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்வது. குளிக்கும்போது மடிப்பைக் கையால் தூக்கிப் பிடித்து, காரம் குறைந்த சோப்பால் கழுவி, சோப்பு துளியும் தங்காமல் அலசுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு ஃபேனுக்கு நேராக இரண்டு நிமிடம் மடிப்பை விரித்துக் காட்டுங்கள், அல்லது ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்துக் காட்டுங்கள். பவுடரைக் கொட்டாதீர்கள்: வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி, அதுவே உரசும். தேங்காய் எண்ணெயும் மடிப்புக்குள் வேண்டாம்; கைக்கும் காலுக்கும் நல்லது, ஆனால் மூடிய இடத்தில் ஈரத்தைப் பூட்டி வைத்துவிடும். பள்ளியில் நின்று பாடம் எடுக்கும் நேரத்துக்கு ஒரு வழி உண்டு. நைந்த பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, ஒற்றை மடிப்பாக அந்த இடுக்கில் பரப்பி, இரண்டு ஓரமும் இரண்டு அங்குலம் வெளியே தெரியும்படி விடுங்கள். உள்ளே இழுக்கும் ஈரம் அந்த ஓரங்கள் வழியாகத்தான் காயும். முழுவதும் உள்ளே திணித்தால் துணி ஊறிக் கிடக்குமே தவிரப் பயன் இல்லை. மதியம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். புண் ஆறிய பிறகு, உரசும் விளிம்பில் ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிதாகத் தடவலாம்.

சேலை கட்டும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எடை குறைந்ததும் பாவாடை நழுவுகிறது என்று நாடாவை இறுக்கிக் கட்டுவோம். அது தினமும் அதே இடத்தில், தளர்ந்த தோலின் மேல் விளிம்பில் வெட்டும். முதலில் கறுக்கும், பிறகு சொரசொரப்பாகும், பிறகு புண்ணாகும். பல வருடம் கவனிக்காமல் விட்ட இத்தகைய இடுப்புப் புண் மிக அரிதாகப் புற்றுநோயாக மாறியதையும் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாடாவை எடுத்துவிட்டு இரண்டு, மூன்று அங்குல அகலப் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். உயர்ந்த இடுப்புள்ள, தொங்கும் தோலை மேல்நோக்கித் தாங்கும் உள்ளாடை பகலில் நல்லது. மூச்சை முழுதாக இழுக்க முடிகிற அளவே இறுக்கம் இருக்க வேண்டும். இரவில் கழற்றிவிடுங்கள்.

தோல் ஏன் சுருங்கவில்லை என்பதற்கு வருகிறேன். நடக்காததால், உடற்பயிற்சி செய்யாததால், வேகமாகக் குறைத்ததால் என்று ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். தோலின் நடு அடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் உண்டு. இழுத்துவிட்டால் திரும்பும் தன்மையைத் தருவது எலாஸ்டின். அதைப் பெரும்பாலும் சிறுவயதில்தான் உடல் உண்டாக்குகிறது. பெரியவர்களான பிறகு அறுந்த நாருக்குப் பதில் அதே தரத்தில் புதிது உருவாவது மிகக் குறைவு. வருடக்கணக்கில் இழுபட்டு நின்ற நார்கள், இரண்டு பிரசவங்கள், அதன்மேல் 40 கிலோ குறைவு. இத்தனைக்கும் பிறகு தோல் தானாக ஒட்டிக்கொள்ளாது, நீங்கள் எதைச் செய்திருந்தாலும். பல வருடம் போட்டுத் தளர்ந்துபோன எலாஸ்டிக் பட்டையைத் துவைத்துக் காயவைத்தாலும் இறுகாது அல்லவா, அதுபோல. ஆகவே இது உங்கள் தவறு அல்ல.

இதைத் தெரிந்துகொண்டால் பணம் எங்கே போகக் கூடாது என்பதும் தெளிவாகும். தோலை இறுக்கும் எண்ணெய், க்ரீம் எதுவும் இந்த அளவுத் தளர்ச்சியைச் சுருக்காது. ரேடியோ அலை, குளிரூட்டிக் கொழுப்பைக் கரைப்பது போன்ற பார்லர், கிளினிக் சிகிச்சைகள் லேசான தளர்ச்சிக்கானவை. “லைப்போ (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) மட்டும் செய்துகொள்ளுங்கள், தழும்பே இருக்காது” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளிருக்கும் மிச்சக் கொழுப்பையும் உறிஞ்சினால் தோல் இன்னும் தொங்கும். வயிற்றிலும் தொடையிலும் இருக்கும் வெள்ளை வரிகள் போகாது, அவற்றுக்குச் செலவழிக்காதீர்கள். கொலாஜன் பவுடரும் வேண்டாம். அதில் டிரிப்டோஃபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் இல்லை. அதனால் அன்றாடப் புரதக் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது, உங்கள் சிறிய இரைப்பையில் இடத்தை அடைப்பதுதான் மிச்சம்.

உண்மையில் பலன் தருவது இரண்டு: புரதம், தசை. கையிலும் தொடையிலும் தசை கூடினால் தளர்ந்த பை கொஞ்சம் நிரம்பும். வயிற்றில் அந்தப் பலன் குறைவு. வாரத்தில் இரண்டு, மூன்று நாள், எடையோ ரப்பர் பட்டையோ வைத்து இழுக்கும் பயிற்சி செய்யுங்கள். நடைப்பயிற்சி மட்டும் போதாது. புரதம் நாளைக்கு 60 முதல் 75 கிராம் வரை வேண்டும். தோலுக்கும் தசைக்கும் மட்டுமல்ல, பின்னால் ஒரு ஆபரேஷன் செய்துகொள்வதானால் காயம் ஆறுவதே இதில்தான் இருக்கிறது. நம் சாப்பாட்டில் இந்த அளவு தானாக வராது. இரண்டு இட்லியில் நாலு கிராம்தான் இருக்கும். காலையில் இரண்டு முட்டை (12), பதினோரு மணிக்குப் பாலில் கரைத்த ஒரு ஸ்கூப் வே புரதப் பவுடர், அதாவது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம் (20க்கு மேல்), மதியம் 75 கிராம் மீன் (15), சாயங்காலம் ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (6), இரவு 60 கிராம் கோழி அல்லது 80 கிராம் பன்னீர் (15): கூட்டினால் 68 வருகிறது. சைவமானால் மீன் இடத்தில் சோயா உருண்டை, காய்ந்த எடையில் 30 கிராம். தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், சோறு கடைசியில். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

சத்து மாத்திரைகளை 14 மாதத்தில் விட்டிருப்பீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது, ஏனென்றால் பலர் முதல் வருடம் முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு ஆகியவை வாழ்நாள் முழுக்க வேண்டும். மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு இரும்பு நாளைக்கு 45 முதல் 60 மில்லிகிராம். அதையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். இரும்பு மாத்திரையோடு டீ, காபி கூடாது. முடி இன்னும் கொத்தாகக் கொட்டினால் அது முதல் சில மாதங்களில் பலருக்கும் வரும் கொட்டல் அல்ல. ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும்.

இனி தழும்பு. லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனில், போடும் துளைகள் பெரும்பாலும் 5 முதல் 15 மில்லிமீட்டர். அவற்றில் பெரியது, வெட்டிய இரைப்பைப் பகுதியை வெளியே எடுத்த துளை. அங்கே தசையும் தோலும் அதிகம் இழுபட்டிருக்கும். ஐந்தில் ஒன்று மட்டும் தடிக்கிறது என்றால் அநேகமாக அதுதான். முதலில் ஒரு சோதனை: நின்றுகொண்டு, தழும்பின்மேல் இரண்டு விரலை வைத்துப் பலமாக இருமுங்கள். விரலை உள்ளிருந்து ஏதோ தள்ளினால் அது தழும்பு அல்ல, துளை வழியாக வரும் குடலிறக்கமாக இருக்கலாம். ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். தள்ளவில்லையென்றால், ஸ்கேல் வைத்து நீளம், அகலம் அளந்து எழுதி வையுங்கள். தடிப்பு முதலில் வெட்டிய கோட்டுக்குள்ளேயே இருந்தால் தடித்த தழும்பு. அது காலப்போக்கில் தணியும். கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் நகம்போல் பரவினால் கீலாய்டு. அது தானாகத் தணியாது. நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் இரண்டும் அதிகம்.

இரண்டுக்கும் முதல் மருந்து சிலிக்கோன். ஜெல்லாக வாங்கினால் நாளைக்கு இரண்டு வேளை மெல்லிதாகப் பூசி, காய்ந்தபின் உடை உடுத்துங்கள். ஷீட்டாக வாங்கினால் நாளைக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டியிருக்க வேண்டும், தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். வியர்க்கும் ஊரில் ஷீட்டின் அடியில் வேர்க்குரு வரும்; அப்படியானால் பகலில் ஜெல், இரவில் ஷீட். இரண்டு, மூன்று மாதமாவது விடாமல் செய்யாமல் பலன் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கூடவே, நாளுக்கு இரண்டு முறை ஐந்து நிமிடம், தழும்பின்மேல் விரலை அழுத்தி வட்டமாக நகர்த்துங்கள். விரல் தோலின்மேல் வழுக்கக் கூடாது. தோலும் விரலோடு சேர்ந்து, அடியில் உள்ள தசையின்மேல் நகர வேண்டும். பலர் எண்ணெய் விட்டு மேலாகத் தடவிவிட்டு மசாஜ் செய்ததாக நினைக்கிறார்கள்.

மூன்று மாதத்தில் தணியவில்லை என்றால் தழும்புக்குள்ளேயே ட்ரையாம்சினலோன் ஊசி போடுவார்கள், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, சில தடவை. க்ரீமில் ஸ்டீராய்டு வேண்டாம் என்றவர் இப்போது ஊசியில் ஸ்டீராய்டா என்று கேட்கலாம். இது தடிப்பின் உள்ளே மட்டும் அளந்து போடுவது. அங்கே தோல் மெலிவதுதான் நமக்கு வேண்டியது. சுற்றிலும் தோல் வெளுத்துப்போகலாம், பள்ளம் விழலாம், அதனால் அனுபவமுள்ள கையாக இருக்க வேண்டும். கீலாய்டை வெறுமனே வெட்டி எடுக்க மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊசியோ கதிர் சிகிச்சையோ சேர்க்காமல் வெட்டினால் பெரும்பாலும் முன்பைவிடப் பெரிதாக வளரும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. வெட்டி எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் இப்போது அல்ல. மாதத்துக்கு ஒரு கிலோ இன்னும் குறைகிறது என்கிறீர்கள். எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒன்றிரண்டு கிலோ ஏற்ற இறக்கம் பரவாயில்லை. அதற்கு முன் வெட்டினால், பிறகு குறையும் ஒவ்வொரு கிலோவும் தைத்த இடத்தை மறுபடி தளரவைக்கும். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) இப்போது 29க்குச் சற்றுக் கீழே. 30க்குக் கீழே இருப்பது காயம் ஆறுவதற்கு நல்லது. எடை நின்ற தேதியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். பெரும்பாலும் ஸ்லீவ் முடிந்த 20, 24 மாதத்தில் உங்களுக்கு அந்த நேரம் வரும். மூன்றாவது குழந்தை எண்ணம் இருந்தால் அது முடிந்த பிறகு.

செய்வது இதுதான்: சிசேரியன் கோடு இருக்கும் மட்டத்தில், ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டி, தொப்புளுக்குக் கீழே உள்ள தோலையும் கொழுப்பையும் எடுத்து, பிரசவத்தில் விலகிய நடுத் தசைகளைச் சேர்த்துத் தைத்து, மேல் வயிற்றுத் தோலைக் கீழே இறக்கி மூடுவார்கள். தொப்புள் அதன் காம்பிலேயே இருக்கும், தோலில் புதுத் துளை செய்து வெளியே எடுப்பார்கள். அதைச் சுற்றியும் ஒரு தழும்பு வரும். பழைய சிசேரியன் தழும்பு வெட்டியெடுத்த தோலோடு போய்விடும். தொப்புளுக்கு மேலே உள்ள துளைத் தழும்புகள் போகாது, கொஞ்சம் கீழே நகரும். தோல் செங்குத்தாகவும் அதிகம் தளர்ந்தவர்களுக்கு நடுவயிற்றில் மேலிருந்து கீழாக இன்னொரு கோடு தேவைப்படும். “தழும்பு வெளியே தெரியவே தெரியாது” என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அந்தச் செங்குத்துக் கோடு தேவையா என்று நேராகக் கேளுங்கள்.

பெரிய தழும்பு வருமே என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அதற்கான சாட்சி உங்கள் உடம்பிலேயே இருக்கிறது: சிசேரியன் தழும்பு. அதே வயிறு, அதே மட்டம். அது வெளிறிய மெல்லிய கோடாக ஆறியிருந்தால், புதியதும் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஆறும், நீளம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதுவும் தடித்துக் கிடந்தால், அல்லது காது குத்திய இடம் கட்டியாக வளர்ந்திருந்தால், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். தழும்பு மூன்றாவது மாதத்தில்தான் மிக மோசமாகத் தெரியும்: சிவந்து, கெட்டியாக, மேடாக. அப்போது அழுது ஓடிவருபவர்கள் அதிகம். 12 முதல் 18 மாதத்தில் அது தட்டையாகி நிறம் அடங்கும். அதற்குள் எந்தத் தீர்ப்பும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

கையையும் வயிற்றையும் ஒரே நாளில் செய்யலாமா என்று கேட்டால் என் கருத்து: வேண்டாம். வயிற்றுத் தழும்பு உள்ளாடைக்குள் மறையும். கைத் தழும்போ அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கம் ஓடும், ரவிக்கையில் மறையாது, தடிக்கவும் வாய்ப்பு அதிகம். முழங்கை வரை கை வைத்த ரவிக்கை உங்களுக்கு உறுத்தாது என்றால் கையைத் தொடாமல் விடுவதே பல பெண்களுக்கு நல்ல முடிவாக அமைகிறது. தொடை மடிப்பில் தையல் போட்டால் வியர்வையும் உரசலும் சேர்ந்து காயம் பிரிவது அதிகம். எது புண்ணாகித் தொல்லை தருகிறதோ அது முதலில். உங்களுக்கு அது வயிறு.

எடை குறைப்பு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இந்த ஆபரேஷனில் சிக்கல் மற்றவர்களைவிட அதிகம். அதற்கு ஒரு காரணம் ரத்தத்தில் தெரியும் சத்துக் குறைவு. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, அல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) ஆகியவற்றை மூன்று மாதம் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் தேற்ற அவகாசம் கிடைக்கும். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவரானால் டாக்டரிடம் கேட்டு நான்கு வாரம் முன்பே வேறு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள், அது ரத்தம் கட்டும் ஆபத்தைக் கூட்டும். ஸ்லீவ் செய்தவர் என்பதை மயக்க டாக்டர் வரைக்கும் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உங்கள் இரைப்பைக்கு ஆகாது.

அடிக்கடி தப்பாகப் போவது, தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வது. அதற்காகத்தான் ஓரிரு குழாய்கள் வைப்பார்கள். 24 மணி நேரத்தில் வரும் நீர் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் எடுப்பார்கள், வீட்டுக்கே குழாயோடு அனுப்பவும் கூடும். குழாயை எடுத்த பிறகு வயிறு தண்ணீர்ப் பைபோல் தளும்பினால் ஊசியால் உறிஞ்ச வேண்டும். முதல் வாரம் குனிந்தபடிதான் நடப்பீர்கள், நிமிர்ந்தால் தையல் இழுக்கும். ஆனாலும் முதல் நாளே நடக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் கெண்டைச் சதை வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், அவசரப் பிரிவுக்குப் போங்கள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம். இறுக்கும் உடை 6 வாரம். குடம் தூக்குவது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, பிள்ளையை இடுப்பில் வைப்பது, எதுவும் 6 வாரத்துக்குக் கிடையாது. ஆகவே கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் வைத்துக்கொண்டால் பள்ளி திறப்பதற்குள் நின்று பாடம் எடுக்கலாம். தொப்புளுக்குக் கீழே பல மாதம் மரத்திருக்கும், சில இடம் நிரந்தரமாகவும். அங்கே வெந்நீர் ஒத்தடம் கூடாது, சுடுவது தெரியாமலே பொசுங்கிவிடும்.

இன்ஷூரன்ஸ் பற்றி: நம் நாட்டு பாலிசிகளில் தோற்றத்துக்கான பிளாஸ்டிக் சர்ஜரி விலக்கப்பட்டது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் தேவை என்று டாக்டர் சான்றளிக்கும் சிகிச்சையும் விதிவிலக்கு. அந்தத் தேவையை நிரூபிக்கத் தாள் வேண்டும். எனவே மடிப்புப் புண் வரும் ஒவ்வொரு முறையும் தேதியோடு படம் எடுத்து, கடையில் மருந்து வாங்காமல் டாக்டரிடம் காட்டி, சீட்டைச் சேர்த்து வையுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் தாள் இல்லாமல் கேட்கவே முடியாது. கையில் பணம் இல்லையென்றால் சென்னை ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். தனியார் என்றால் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம் உள்ளவரா என்று பாருங்கள். “காஸ்மெட்டிக்” என்று போர்டில் எழுத அந்தப் பட்டம் தேவை என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியில் வைத்தாலும், உங்கள் கடிதத்தில் எங்களை அதிகம் நிறுத்தியது அந்த ஒரு வரிதான்: குண்டாக இருந்தபோதுகூட இவ்வளவு கூச்சப்பட்டதில்லை. இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. பல வருடம் உடம்பைக் கண்ணாடியில் பார்க்காமலே பழகியிருப்போம். எடை குறைந்ததும் பார்க்கத் தொடங்குகிறோம், அதுவும் நம்பிக்கையோடு. அப்போது கண்ணில் படுவது இந்தத் தோல். மனதிலுள்ள உடம்பின் கணக்கும் பழையதாகவே இருக்கும்: பஸ் ஸீட்டில் ஒதுங்கி உட்காருவது, கடையில் பெரிய சைஸைத் தேடி எடுப்பது. அது மாற ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும். ஆபரேஷன் செய்து தோலை எடுத்தாலும் அந்தக் கணக்கு அன்றைக்கே மாறாது. அதனால்தான் காத்திருக்கும் இந்த மாதங்களை வீணாக்காதீர்கள் என்கிறோம்.

மனது ஒத்துக்கொண்ட பிறகு தொடலாம் என்று இருந்தால் அந்த நாள் வராது. கை முதலில் பழக வேண்டும். மேலே சொன்ன கழுவுதல், ஒற்றுதல், ஜெல் தடவுதல் எல்லாமே அந்தப் பழக்கம்தான். குளித்து முடித்ததும் இரண்டு நிமிடம், முழு உருவம் தெரியும் கண்ணாடி முன் நில்லுங்கள். முதல் வாரம் உடையோடு, பிறகு குறைத்துக்கொண்டு. பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஆனால் தீர்ப்புச் சொல்லாமல். “அசிங்கம்” என்று அல்ல; “தொப்புளுக்குக் கீழே நாலு விரல் அகலம் மடிப்பு, இன்றைக்குச் சிவப்பு இல்லை, இடதுபக்கத் தழும்பு நேற்றைவிட மிருது.” வலி குறைந்த முட்டி, தனியாகத் தெரியும் கழுத்தெலும்பு, இவையும் கணக்கில் வரட்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு நாளில் பத்து முறை போய்ப் பார்ப்பது, கிள்ளிக் கிள்ளி அளப்பது, இவை பழக்கமாகாது, பதற்றத்தையே வளர்க்கும்.

கணவர் எதுவும் சொல்வதில்லை என்கிறீர்கள். என்ன சொன்னால் தப்பாகிவிடுமோ என்று அவர் பேசாமல் இருக்கக்கூடும். இதை இரவில், படுக்கையில் வைத்துப் பேசாதீர்கள். பகலில், உடையோடு, வேறு வேலை செய்துகொண்டே ஒரு வாக்கியம் போதும்: “எனக்கே இந்த உடம்பு இன்னும் பழகலை. வயித்தைத் தொட்டா கூச்சமா இருக்கு, கொஞ்ச நாள் ஆகும்.” பிறகு அந்தத் தழும்புக்கு ஜெல் தடவும் வேலையை வாரத்தில் இரண்டு நாள் அவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட மருத்துவ வேலை, வேறு எதிர்பார்ப்பு இல்லாத வேலை. தம்பதியர் பலருக்கு அங்கேதான் தயக்கம் முதலில் உடைகிறது. நெருக்கத்தின்போது தோலைத் தாங்கும் மெல்லிய பருத்திப் பட்டை அணிந்துகொள்வதோ, பக்கவாட்டில் படுப்பதோ தவறில்லை.

சொந்தக்காரர்களுக்குப் பதில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், கல்யாண வீட்டில் யோசிக்க வேண்டியிருக்கக் கூடாது. “டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன் அத்தை, சுகர் மாத்திரையே நின்னுபோச்சு.” இதற்குமேல் ஆபரேஷன் விவரம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. முகம் வற்றித் தெரிவது உண்மைதான். கன்னத்துக் கொழுப்பும் சேர்ந்துதான் குறையும். எடை நின்ற பிறகு பலருக்கு அது ஓரளவு தேறுகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து மனச்சோர்வு, தூக்கமின்மை, எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்ப்பது அல்லது வாந்தி எடுப்பது, வீட்டை விட்டு வெளியே போகாமல் இருப்பது, இவை இருந்தால் மனநல டாக்டரைப் பாருங்கள். எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பிந்தைய வருடங்களில் சிலருக்கு மனச்சோர்வும் தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன, அதனால் இதைச் சாதாரணமாக விடக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு கணம் வந்தாலும் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

இந்த வாரமே தோல் டாக்டரிடம் ஒருமுறை போய்விடுங்கள். கடையில் வாங்கிய அந்த க்ரீம் டியூபையும், இதற்கு முன் பூசிய வேறு டியூப்கள் மிச்சம் இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள் என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். போகும் நாளுக்கு முந்தைய சில நாள் மடிப்பில் க்ளோட்ரிமசோல் உட்பட எதையும் பூசாமல் இருந்தால், சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது பூஞ்சை தெளிவாகத் தெரியும்.